முதல் மூன்று நாட்களைப் பற்றி

அன்புள்ள முருகேசனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு, அதில் நீ எழுதியிருந்த ஒரு கேள்விதான் காரணம். குண்டுவெடிப்பை இன்னார்தான் செய்தார்கள் என்று அரசு சொன்னதும் ஆதாரம் கேட்பவர்களைப் பற்றியது அது. "குண்டு வெடித்த இடத்தில் உடல்களை எடுத்து முடிப்பதற்குள் ஆதாரம் எங்கே என்று கேட்கிறவன் யாருக்காகப் பேசுகிறான்?" என்று கேட்டிருந்தாய். விடுதி அறையில் மேசையைத் தட்டித் தட்டி எங்களை எல்லாம் வாயடைக்க வைத்த பழைய முருகேசனின் குரல் அப்படியே கேட்டது. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த முறை நான் எழுந்து போகப் போவதில்லை.

செத்தவர்களுக்காகத்தான் கேட்கிறேன், முருகேசா. கொன்றவன் யார் என்று சரியாகத் தெரிந்துகொள்ளும் உரிமை வேறு யாரையும்விட அவர்களின் குடும்பங்களுக்குத்தான் முதலில் இருக்கிறது. அந்த உரிமையை ஓர் அரசு எப்படிப் பறிக்க முடியும் என்பதற்கு ஸ்பெயினின் தலைநகர் மாட்ரிட்டைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2004 மார்ச் 11 காலையில், வேலைக்குச் செல்வோர் நிறைந்திருந்த 4 ரயில்களில் 10 குண்டுகள் வெடித்து, 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்குத் தனிநாடு கேட்டுப் போராடிய ஆயுதக் குழுவான எட்டாதான் இதைச் செய்தது என்று அன்றே அரசு அறிவித்தது. பிரதமர் அஸ்னார் பெரிய நாளிதழ்களின் ஆசிரியர்களைத் தாமே தொலைபேசியில் அழைத்து அதை உறுதிப்படுத்தினார்; ஒரு நாளிதழ் தன் சிறப்புப் பதிப்பின் தலைப்பையே அதற்கேற்ப மாற்றியது. வாய்ப்புக் கிடைக்கும் இடங்களில் எல்லாம் எட்டாவின் பொறுப்பை உறுதிசெய்யுங்கள் என்று வெளியுறவு அமைச்சரிடமிருந்து தூதர்களுக்குச் செய்தி போயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐ.நா. பாதுகாப்பு அவை அன்றே நிறைவேற்றிய 1530-ஆம் தீர்மானத்தில், ஸ்பெயினின் வற்புறுத்தலால், எட்டாவின் பெயர் எழுத்து வடிவில் இடம்பெற்றது. உலகின் மிக உயர்ந்த அவை ஒன்று, விசாரணை தொடங்கிய நாளிலேயே, செய்யாதவனின் பெயரைக் குற்றவாளியாகப் பதிவுசெய்தது என்பதை எண்ணிப் பார்.

அதே நாளில்தான் மாட்ரிட்டை அடுத்த அல்கலா தே எனாரெஸ் ரயில் நிலையத்தருகே நின்ற ஒரு வேனில் குண்டை வெடிக்கவைக்கும் டெட்டனேட்டர்களும் குர்ஆன் ஓதும் ஒலிநாடாவும் கிடைத்தன. வெடிக்காமல் போன பையில் இருந்த கைப்பேசியைத் தொடர்ந்து சென்ற காவல்துறை, 13-ஆம் தேதி முதல் கைதுகளைச் செய்தது. அப்படியிருந்தும் எட்டாவே முதன்மைச் சந்தேகம் என்ற பேச்சை அமைச்சர்கள் எளிதில் கைவிடவில்லை. காரணம் ஊகிக்கக் கடினமானதன்று. எட்டா என்றால், அதன்மீது அரசு காட்டிவந்த கடுமைக்கு அது நியாயம் சேர்க்கும். ஜிகாதிகள் என்றால், மக்கள் பெருமளவில் எதிர்த்த இராக் போரை ஆதரித்ததற்கு அரசு பதில் சொல்ல வேண்டியிருக்கும். 13-ஆம் தேதி இரவு ஆளும் கட்சி அலுவலகத்தின் முன் கூடியவர்கள் உண்மையைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்டார்கள். மறுநாள் அக்கட்சி தோற்றது.

நீ இங்கே குறுக்கிடுவாய் என்று தெரியும்: குழப்பத்தில் யாரும் தவறாக ஊகிக்கலாமே என்பாய். ஊகிக்கலாம், எட்டாவின் கடந்த காலத்தைப் பார்த்தால் முதல் சில மணி நேரச் சந்தேகம் இயல்பானதே. ஊகத்தை உறுதியாக அறிவித்ததையும், எதிர்ச் சான்று கையில் வந்த பின்னும் அதைப் பிடித்துத் தொங்கியதையும்தான் நான் குற்றம் என்கிறேன். "இன்னும் தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்ல ஓர் அமைச்சருக்கு ஏன் நா எழுவதில்லை? தெரியவில்லை என்று சொன்னால், தடுக்க முடியவில்லையே என்ற அடுத்த கேள்வி உடனே வந்துவிடும். எதிரியின் பெயரைச் சொல்லிவிட்டாலோ, எல்லோருடைய கண்ணும் அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

ரஷ்யாவின் பெஸ்லான் நகரில் தீவிரவாதிகள் ஒரு பள்ளியைக் கைப்பற்றியதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அதே 2004-ஆம் ஆண்டு செப்டம்பரில், அந்தப் பள்ளியில் 1,100-க்கும் மேற்பட்டோர் பிணையாகப் பிடிக்கப்பட்டிருந்தபோது, ரஷ்ய அதிகாரிகள் 354 பேர் என்று அறிவித்தார்கள். உள்ளேயிருந்த தீவிரவாதிகள் தொலைக்காட்சியில் அதைக் கேட்டு வெறிகொண்டதாகவும், அதன்பின் குழந்தைகளுக்குத் தண்ணீரும் மறுக்கப்பட்டதாகவும் உயிர்தப்பியவர்கள் சொல்கிறார்கள். 330-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கு மேல் குழந்தைகள். அடுத்த சில நாட்களில் புதின் செய்த அறிவிப்புகளில் ஒன்று, மாகாண ஆளுநர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்துவது. பள்ளிக்கூடத் தாக்குதலுக்கும் ஆளுநர் தேர்தலுக்கும் என்ன தொடர்பு? தாக்குதல் நடக்கக்கூடும் என்ற தகவல் முன்பே கிடைத்தும் போதிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017-இல் சொன்னது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து!

விரைந்து பழி சுமத்தும்போது நசுங்குவது பெரும்பாலும் எளியவர்கள்தான். 1974-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தபின் தண்டிக்கப்பட்ட ஆறு பேர், குற்றமற்றவர்கள் என்று 1991-இல்தான் வெளியே வந்தார்கள். 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பில் தண்டிக்கப்பட்ட 12 பேரையும் மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் விடுவித்தது. அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாதென உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வழக்கு அதோடு முடிந்துவிடவில்லை. ஆனால் உயர் நீதிமன்றம் சொன்னது சரியென்றால், ரயிலில் செத்தவர்களின் பிள்ளைகள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தவறான முகங்களை வெறுத்துவந்திருக்கிறார்கள். சரியான முகங்கள் யாருடையவை என்று தேடுவாரும் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் சுந்தரத்தின் பக்கம் நான் சாய்ந்துவிட்டதாக நினைக்காதே. எந்தக் குண்டு வெடித்தாலும் அரசே வைத்தது என்பான் அவன். அரசு பொய் சொன்னது என்பதிலிருந்து அரசே கொன்றது என்று தாவுவது, அமைச்சர் செய்ததைப் போலவே ஆதாரமின்றிப் பழி சுமத்துவது. மாட்ரிட்டிலேயே பார்: எட்டாவுக்குத் தொடர்பில்லை என்று ஆனபின்பும், சில ஊடகங்களும் தோற்ற கட்சியினர் சிலரும் உண்மை மறைக்கப்படுகிறது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார்கள். ஜிகாதிக் குழுவினரைத் தண்டித்து 2007-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னும் அந்தக் கதையை நம்புவோர் இருந்தார்கள். அரசு விதைத்த பொய்தான் அந்தச் சதிக் கதைகளை வளர்த்தது.

வேறு வழியே இல்லையா என்றால், நார்வே இருக்கிறது. 2011 ஜூலை 22-இல் 77 பேர் கொல்லப்பட்டபோது, உலகின் பல ஊடகங்கள் முதலில் இஸ்லாமியத் தீவிரவாதிகளைத்தான் சந்தேகித்தன. கொன்றவனோ நார்வேக்காரனான வலதுசாரி வெறியன். அந்த அரசு சுதந்திரமான ஆணையத்தை அமைத்தது. முன்பே முடிவுசெய்த பாதுகாப்பு ஏற்பாடுகளை ஒழுங்காக நிறைவேற்றியிருந்தால் அரசுக் கட்டடத்தின் மீதான தாக்குதலைத் தடுத்திருக்க முடியும் என்று அந்த ஆணையம் 2012-இல் அரசின் முகத்துக்கு நேரே எழுதியது. காவல்துறைத் தலைவர் சில நாட்களில் பதவி விலகினார். ஆட்சி கவிழ்ந்துவிடவில்லை.

உன்னிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். அடுத்த முறை இப்படி ஒரு கொடுமை நடக்கும்போது, முதல் மூன்று நாள் சொல்லப்படுவதைத் தேதியிட்டுக் குறித்து வை. ஓராண்டு கழித்து இருவரும் எடுத்துப் பார்ப்போம். இந்தக் கடிதத்தைச் சுந்தரத்திடமும் காட்டு. அவன் கோபப்பட்டால் எனக்கு நேரடியாக எழுதச் சொல்.

அன்புடன்,
இளங்கோ