தமிழில் விளக்கிய பிறகு கையெழுத்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹட்டனில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பது என் வேலை. கண்ணாடி இல்லாமல் பார்க்க வைக்கிற லேசர் கண் சிகிச்சை பற்றி பேப்பரில் விளம்பரம் வந்தால் போதும், அந்தத் துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு யாராவது கடைக்கு வந்துவிடுவார்கள். பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். பெரும்பாலும் இருபதைத் தாண்டிய பிள்ளைகள், கூடவே அம்மாவோ அப்பாவோ. "கொழும்புக்குப் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தோம் மிஸ்" என்பார்கள். அவர்கள் கேட்பதையும், இந்தச் சிகிச்சையைச் செய்கிற மருத்துவமனைகளிடம் நான் கேட்க நினைப்பதையும் எழுதுகிறேன்.

கண்ணாடியைக் கழற்ற ஆசைப்படுவதில் தப்பே இல்லை. மழையிலும் பனியிலும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மலையில் கொழுந்து பறிப்பது எவ்வளவு சிரமம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் கண்ணாடி போய்விட வேண்டும் என்று வீட்டில் நெருக்கி அனுப்புகிற பெண் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. நாள் குறித்துவிட்டு அவசரமாகச் செய்துகொள்ளக்கூடிய சிகிச்சை இல்லை இது.

எல்லோரும் முதலில் கேட்பது, லேசர் கண்ணைச் சுட்டுவிடாதா என்றுதான். சுடாது. இது 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர். எக்சைமர் லேசர் என்பார்கள். எரிக்காமல், கோர்னியா என்கிற, கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலத்தில் திசுவின் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்து மெல்லிய அளவில் நீக்குகிறது. 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் திசுவை இந்தக் கதிரால் இப்படி நீக்க முடியும் என்று கண்டறிந்த மூவரில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டின் மேல் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். வெட்டு சுத்தமாக விழுந்தது, சுற்றியிருந்த இடம் கருகவில்லை. இதைச் சொன்னதும் கூட வந்த அப்பாவின் முகம் தெளிவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

வலிக்குமா, நடுவில் கண் சிமிட்டிவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த பயம். சொட்டு மருந்து விட்டு மரக்கச் செய்துவிடுவார்கள். இமைகளைக் கிளிப் விரித்துப் பிடித்திருக்கும். கண் சற்று அசைந்தால் லேசரும் கூடவே நகரும், அதிகம் அசைந்தால் நின்றுவிடும். லேசர் ஓடுவது பெரும்பாலும் ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

இவையெல்லாம் எளிதில் பதில் சொல்லக்கூடியவை. யாருக்குச் செய்யக்கூடாது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. குறைந்தது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பவர் ஒரு வருடமாவது மாறாமல் நிற்க வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் பொறுத்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் பவர் மாறக்கூடும். கொன்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அளவெடுப்பதற்கு முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்; மென்மையான லென்ஸ் என்றால் பொதுவாக இரண்டு வாரம், கடினமானது என்றால் இன்னும் அதிக நாள். இல்லாவிட்டால் கோர்னியாவின் அளவே தப்பாக வரும்.

மஸ்கெலியாப் பக்கத்து இளைஞன் ஒருவனின் விஷயம் என்னை மிகவும் உறுத்தியது. அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய காசோடு கொழும்புக்குப் போனான். ஸ்கேன் எடுத்துவிட்டு "உங்களுக்குச் செய்ய முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று அவனுக்குப் புரிகிற பாஷையில் ஒருவரும் சொல்லவில்லை. தோட்டத்துப் பிள்ளை என்பதால் மதிக்கவில்லை என்று அவன் அம்மா கடையிலேயே அழுதார். நகையை அடகு வைத்தாவது இந்தியாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார்.

அவன் கொண்டுவந்த ரிப்போர்ட்டை வைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சாதாரணமாக கோர்னியாவின் நடுப்பகுதி ஏறக்குறைய 540 மைக்ரோன் தடிப்பு, அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அவனுக்கு 480தான். பவரோ மைனஸ் எட்டு. ஒரு பவரைக் குறைக்கச் சுமார் 15 மைக்ரோன் நீக்க வேண்டும் என்று வைத்தால் எட்டுக்கு 120. லேசிக் என்கிற லேசர் முறையில் முதலில் கோர்னியாவின் மேலே ஒரு மெல்லிய மடலை வெட்டித் திறப்பார்கள். அதற்கு ஒரு 110. மிஞ்சுவது 250. அதுதான் கடைசி எல்லை என்று பலகாலமாகச் சொல்லப்படுகிறது. 300 வரை மிஞ்ச வேண்டும் என்கிற சர்ஜன்களும் உண்டு. அதற்குக் கீழே போனால் கண்ணின் உள் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் கோர்னியா முன்பக்கம் பிதுங்கத் தொடங்கலாம். பிறகு கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாமல் போகலாம்.

கணக்கைப் பார்த்ததும் அந்த அம்மா அமைதியானார். "அப்ப அவங்க எம்புள்ளையக் காப்பாத்தித்தான் அனுப்பியிருக்காங்க" என்றார். முடியாது என்று சொன்ன டொக்டர் நல்ல டொக்டர். அதைத் தமிழில் விளக்க அந்த இடத்தில் ஓர் ஆள் இல்லாததுதான் குறை. விளக்கம் கிடைக்காத குடும்பம், 'முடியும்' என்று யாராவது சொல்லும்வரை ஊர் ஊராகத் தேடிப் போகும். இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு மடல் வெட்டாமல் செய்கிற பி.ஆர்.கே. முறையோ, கண்ணுக்குள் லென்ஸ் வைக்கிற முறையோ பொருந்தலாம். அதைக்கூட அவனுக்குச் சொல்லவில்லை.

வேறொரு மருத்துவமனைக்குப் போன பெண்ணிடம் சிகிச்சை அன்று காலையில், கண்ணில் சொட்டு மருந்து விட்ட பிறகு, ஆங்கிலத்தில் அச்சடித்த சம்மதப் பத்திரத்தை நீட்டியிருக்கிறார்கள். அவள் ஏ.எல். படித்தவள், வாசித்திருப்பாள். ஆனால் மருந்து விட்ட கண்ணுக்கு எழுத்தெல்லாம் மங்கல். இது நியாயமா? தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. காசு கட்டுவதற்கு முன்பே, வீட்டுக்கு எடுத்துப்போய் வாசிக்கும்படி தமிழில் இரண்டு பக்கம் கொடுப்பது பெரிய செலவில்லையே.

அந்த இரண்டு பக்கத்தில் எங்கள் பகுதிக்காரர்களுக்குத் தேவையான சில விஷயங்கள் கட்டாயம் இருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு பலருக்குச் சில மாதம் கண் உலர்ந்து உறுத்தும். இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். அநேகமாகக் குறைந்துவிடும், சிலருக்கு நிலைத்தும்விடும். பனி இறங்கிய இரவில் நுவரெலியா ரோட்டில் வேன் ஓட்டிப் பிழைக்கிறவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டாமா? கண்ணைக் கசக்கவே கூடாது என்பதும் இருக்க வேண்டும். தேயிலைத் தூள் பறக்கிற ஃபெக்டரியில் வேலை செய்கிறவர் எத்தனை நாள் லீவு போட வேண்டும் என்று டொக்டரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். கண்ணைக் கசக்கும் பழக்கம் முன்பே இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கோர்னியா கூம்பிக்கொண்டு வரும் நோய்க்கும் அந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு.

"எனக்கும் சேத்து செஞ்சிடலாமா மிஸ்?" என்று கேட்கிற நாற்பத்தைந்து வயது அம்மாமாருக்கும் இங்கேயே ஒரு பதில். தூரம் நன்றாகத் தெரிந்து ஊசியில் நூல் கோக்க மட்டும் கஷ்டமாக இருந்தால், அது வயதால் கண்ணின் லென்ஸ் இறுகுவதால் வருவது. வாசிக்கிற கண்ணாடி போதும். அந்தக் காசைப் பிள்ளையின் படிப்புக்கு வையுங்கள்.

சிகிச்சை செய்துகொண்டவர்கள் பழைய பவர், கோர்னியா அளவு எழுதிய தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம். பின்னால் வயதாகிக் கண்புரை ஒபரேஷன் செய்யும்போது வைக்க வேண்டிய லென்ஸைக் கணக்கிட அவை உதவும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரம் வருகிற பத்திரிகையிலேயே, அந்த மருத்துவமனையைச் சேராத ஒரு கண் சர்ஜன் வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுத அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கேள்விகளை நான் சேர்த்து அனுப்புகிறேன். கடையில் தினமும் வருகின்றன.

இப்படிக்கு,
கண் பரிசோதகர் ஒருவர்,
ஹட்டன்.