அக்காவுக்கு, சாக்ரமென்டோவிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அன்றைக்கு நாம் போனில் பேசும்போது பின்னால் கேட்டது சண்டை இல்லை. கூடத் தங்கியிருக்கும் பையனிடம் 'ராத்திரி பிரியாணி பண்ணட்டுமா' என்று கேட்டேன், 'ஹெல் யெஸ்!' என்று கத்தினான். நீ பயந்த மாதிரி ஹெல் என்றால் நரகமேதான். ஆனால் இவர்கள் வாயில் அது பாதி நேரம் சந்தோஷத்தில் வருகிறது.

எங்கள் நெல் ஆலையில் கில்லாடியான ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை 'ஹெல் ஆஃப் எ மெக்கானிக்' என்பார்கள். நாம் எமகாதகன் என்போமே, அதே மரியாதைதான். வெயில் அடித்தாலும் ஹெல், குளிர்ந்தாலும் ஹெல். நடக்காத காரியத்தை, நரகம் பனியாய் உறையும்போது பார்க்கலாம் என்பார்கள். அதாவது அத்தைக்கு மீசை முளைக்கட்டும். 'கோ டு ஹெல்' மட்டும் நிஜமான வசவு. விளையாட்டுக்குச் சொல்கிறவர்களும் உண்டு, நான் இன்னும் அந்த வம்புக்குப் போகவில்லை.

வட கலிபோர்னியாவான இந்தப் பக்கத்துக்கென்றே ஒன்று இருக்கிறது: ஹெல்லா. ஓக்லாண்ட், சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்துப் பேச்சு. நாம் 'செம' போடும் இடத்திலெல்லாம் இதைப் போடலாம். ஹெல்லா பசி, ஹெல்லா டிராஃபிக். தெற்கே லாஸ் ஏஞ்சலஸ்காரரான எங்கள் சூப்பர்வைசருக்கு இதைக் கேட்டாலே முகம் சுளித்துவிடும். இங்கே பக்கத்தில் டேவிஸில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படித்த இயற்பியல் மாணவர் ஒருவர், ஒன்றுக்குப் பின்னால் 27 சைபர் வருகிற எண்ணுக்கு, கிலோ, மெகா மாதிரி 'ஹெல்லா' என்று பெயர் வைக்கச் சொல்லி 2010இல் ஆள் திரட்டினார். கூகுள் கால்குலேட்டரில்கூட ஏற்றிவிட்டார்கள். ஆனால் 2022இல் அளவைகளுக்கான உலக மாநாடு அந்த இடத்தை 'ரோனா'வுக்குக் கொடுத்துவிட்டது. என்ன சப்பென்ற பெயர்!

பக்கத்து வீட்டுப் பொடியனுக்குப் பாட்டியிடம் பயம். அதனால் ஹெல்லாவை 'ஹெக்கா' ஆக்கிக்கொண்டான். நேற்று ஐஸ்கிரீம் முழங்கை வரை வழிய, 'ஹெக்கா கோல்டு' என்று குதித்தான். பாட்டி காதில் விழாத மாதிரி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. 'புள்ளைக்கு நல்ல வார்த்தையே கெடைக்கலையா' என்று ஸ்ரீவாஞ்சியத்துக்கு பஸ் ஏறி எமனுக்கு அர்ச்சனை பண்ணிவிட்டு வருவாள்.

அப்புறம், இங்கே வயலில் தண்ணீர் கட்டி, ஊறவைத்த விதைநெல்லை விமானத்திலிருந்து தூவுகிறார்கள். அத்தான் நம்பமாட்டார், வீடியோ அனுப்புகிறேன். மேட்டூர் திறந்து நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்ததா? இந்த வருஷம் குறுவை உண்டா, நேரே சம்பாதானா? அத்தானைக் கேட்டு எழுது. டிராக்டர் தவணைக்குப் பணம் திங்கள்கிழமை போடுகிறேன்.

அன்புடன்,
தம்பி