தரையில் கட்டம் போடுங்கள், பெஞ்ச் அப்புறம் வாங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் பிள்ளைகள் ஆடிப் பாடும் படத்தை வெளியிட்டிருந்தீர்கள். ‘இப்படி ஆடிக்கொண்டே இருந்தால் எப்போது படிப்பார்கள்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒன்று, இரண்டாம் வகுப்புகளை எடுக்கிறவள் நான். அவர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. காலையில் ஒரு பாட்டுக்கு ஆடவிட்டு, பிறகு மணி அடிக்கும்வரை கையைக் கட்டி உட்காரவைத்தால் அந்த ஆட்டத்தால் பாடத்துக்கு ஒரு லாபமும் இல்லை. பாடமே காலிலும் கையிலும் நடக்க வேண்டும்.

ஏழும் ஐந்தும் எத்தனை என்று நோட்டில் போடச் சொன்னால் சில பிள்ளைகள் 11 என்று எழுதி வருவார்கள். சிவப்பு மையில் சுழித்துவிடலாம். எங்கே தப்பியது என்று நோட்டு சொல்லாது. பாண்டிக்குப் போடுவதுபோல 0 முதல் 20 வரை தரையில் சாக்பீஸால் வரிசையாகக் கட்டம் போட்டு, அதே பையனை 7இல் நிறுத்தி ஐந்து தாவச் சொல்லுங்கள். நின்ற இடத்திலேயே காலைத் தட்டி ‘ஒண்ணு’ என்பான். அடுத்த கட்டத்துக்குத் தாவி ‘ரெண்டு’ என்பான். கடைசியில் 11இல் போய் நிற்பான். “டேய், நீ முதல்ல தாவவே இல்லடா!” என்று சுற்றி நிற்கிற வாண்டுகளே கத்திவிடுவார்கள். நான் வாய் திறக்க வேண்டியதில்லை. தாவ முடியாத பிள்ளை சில்லை நகர்த்தி எண்ணலாம், கணக்கு அதேதான்.

தமிழுக்கும் இது பொருந்தும். குறிலுக்கு ஒரு எட்டு, நெடிலுக்கு இரண்டு எட்டு என்று வைத்து ‘கல்’, ‘கால்’, ‘பல்’, ‘பால்’ என நடக்கவிடுகிறேன். சொல்வதெழுதுதலில் துணைக்காலை விட்டுவிடும் பிள்ளைகளுக்கு இது நன்றாகக் கைகொடுக்கிறது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. எழுத்தை ஒலிக்கும் நேர அளவான மாத்திரையைக் கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியமே உடம்பை வைத்துத்தான் அளந்தது.

எல்லாவற்றையும் குதித்தே படித்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. நெதர்லாந்தில் இரண்டு ஆண்டுகள் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வாரத்துக்கு மூன்று பாடங்களை ஓடியும் தாவியும் படித்த இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் மற்றவர்களை முந்தினார்கள். வாசிப்பில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. புத்தகம் வாசிக்க ஓரிடத்தில் உட்காரத்தான் வேண்டும்.

சரி, தடை எங்கே இருக்கிறது? முதலில் பெஞ்ச். பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்தபோது பாயும் கீழ்மட்டக் கரும்பலகையும் வந்து, வகுப்பறை நடுவில் இடம் கிடைத்தது. இப்போது ‘கான்வென்ட் மாதிரி’ பெஞ்ச் வேண்டும் என்று பெற்றோரே கேட்கிறார்கள். நன்கொடையாளர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். பெஞ்சில் ‘உபயம்’ என்று பெயர் எழுதலாம், காலித் தரையில் எழுத முடியாதே!

அடுத்தது வீடியோ. பிள்ளைகள் தாவுவதைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடு என்கிறார்கள். படத்துக்காகத் தாவும்போது எல்லாரும் ஒரே தாளத்தில், முன்னால் இருப்பவனைப் பார்த்துத் தாவுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் யார் 7இலேயே எண்ணத் தொடங்கினான் என்பது அதில் தெரியாது. ஒவ்வொருவராகத் தாவவிட்டால்தான் தெரியும். அதற்கு நேரம் வேண்டும், கொஞ்சம் சத்தத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பார்வைக்கு வரும் அதிகாரிகள் வகுப்பு அமைதியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாக, ஒரு பிள்ளையைக் கட்டத்தில் நிறுத்திக் கணக்குக் கேட்டுப் பார்க்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெஞ்ச் கேட்பதற்கு முன்னால், தரையில் கட்டம் போட ஒரு டப்பா பெயிண்ட் கேளுங்கள். சாக்பீஸ் கோடு மதியத்துக்குள் அழிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஓர் இடைநிலை ஆசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
தஞ்சாவூர் மாவட்டம்.