டேட்டமின் இடது கையையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்க ஜாஸ் பியானோ மேதை ஆர்ட் டேட்டமின் 'பியானோ ஸ்டார்ட்ஸ் ஹியர்' பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அந்தத் தனிப் பியானோ ஆல்பம் 1968இல் பதிவானதாகச் சொல்கிறது. 1968 என்பது கொலம்பியா நிறுவனம் எல்பி இசைத்தட்டை வெளியிட்ட ஆண்டு. டேட்டம் 1956 நவம்பரிலேயே காலமாகிவிட்டார். முதல் நான்கு உருப்படிகள் 1933 மார்ச்சில் பிரன்ஸ்விக் கம்பெனிக்காக ஸ்டுடியோவில் வாசித்தவை. மீதி ஒன்பதும் 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் ஷ்ரைன் அரங்கக் கச்சேரியில் பதிவானவை. ஐந்தாவது உருப்படியில் பியானோவின் நாதம் சட்டென்று மாறுவது இந்த 16 ஆண்டு இடைவெளியால்தான். ஸ்பீக்கரைக் குறை சொல்ல வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடலாம். இதே பெயரோடு 'லைவ் அட் தி ஷ்ரைன்' என்ற வாலும் சேர்ந்து 2008இல் ஒரு வெளியீடு வந்தது. பழைய பதிவைக் கணினியில் அலசி, ஒவ்வொரு ஸ்வரமும் எப்போது, எவ்வளவு அழுத்தத்தில் விழுந்தது என்று கணக்கெடுத்து, தானே இயங்கும் யமஹா பியானோவை வாசிக்க வைத்துப் பதிந்தது அது. உருப்படிகள் இரண்டு முறை வரும். இரண்டாவது சுற்று ஹெட்போனில் கேட்பதற்கானது. ஒலி துல்லியம்தான். ஆனாலும் முதலில் பழைய பதிவைக் கேட்பதே சரி; இரைச்சல் இருந்தாலும் அதில் இருப்பது அவருடைய விரல்.

கட்டுரை வலது கை வேகத்தையே சிலாகிக்கிறது. மேற்கத்தியச் செவ்வியல் இசையின் தாக்கம் என்று அது காட்டுவதும் அந்த அருவி ஓட்டங்களைத்தான். பாதி உண்மை. டொலீடோ நகரில் ஓவர்டன் ரெய்னியிடம் அவர் முறையாகக் கற்ற பாடம் ஆழமாகத் தெரிவது இடது கையிலும், மெட்டுக்கு அடியில் நகரும் நடு ஸ்வரங்களிலும்.

'ஸ்ட்ரைடு' என்ற ஜாஸ் பியானோ பாணியில், நான்கு அடித் தாளத்தின் 1, 3ஆம் அடிகளில் இடது கை கீழ்ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைத் தொட்டு, 2, 4ஆம் அடிகளில் நடுவில் கார்டுக்கு (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுக்கு) தாவும். டேட்டம் அந்தக் கீழ் ஸ்வரத்தை அடிக்கடி 'டென்த்'தாக, அதாவது பத்துக் கட்டை அகலத்தில் இரண்டு ஸ்வரங்களாக, விரிக்கிறார்: சி கட்டையிலிருந்து அடுத்த ஆக்டேவின் இ வரை. ஒரு வெள்ளைக்கட்டை சுமார் 23.5 மில்லிமீட்டர் என்றால், பத்துக் கட்டைக்கு 23.5 சென்டிமீட்டர். எல்லாக் கைக்கும் எட்டாது. எட்டாதவர்கள் கீழ் ஸ்வரத்தை அடிக்குச் சற்று முன்னால் தொட்டு, மேல் ஸ்வரத்தைச் சரியாகத் தாள அடி விழும்போது வைத்து உருட்டலாம். தவறு நடப்பது, விரல் எடுத்த பிறகும் நாதத்தை நீட்டிக்கும் பெடலில். கீழ்க்கட்டையிலிருந்து சுண்டுவிரல் எழும்புமுன் பெடல் இறங்கியிருக்க வேண்டும். தாமதித்தால் கீழ் ஸ்வரம் காணாமல் போய், கார்டு எதன் மேல் நிற்கிறது என்றே தெரியாது. இரண்டு அடிக்கு மேல் பிடித்து வைத்தால் எல்லாம் சேறு. நிமிடத்துக்கு 60 அடி வேகத்தில், கட்டையைப் பார்க்காமல், முதலில் கீழ் ஸ்வரங்களை மட்டும் வாசித்துப் பழகி, பிறகு கார்டைச் சேர்ப்பது நல்லது. வலது கையை அவசரப்பட்டுச் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது ஹார்மனி, அதாவது கார்டுகள் ஒன்றையடுத்து ஒன்று நகரும் முறை. சி மேஜர் கார்டுக்கு வந்து சேருமுன் வழக்கமாக ஜி செவன்த் கார்டு வரும். அந்த இடத்தில் டி ஃபிளாட் (டி-க்கு அரை ஸ்வரம் கீழே) செவன்த் போடலாம். ஜி செவன்த்துக்கு உயிரான பி, எஃப் இரண்டு கட்டைகளும் அதிலும் இருக்கின்றன. முன்னால் டி மைனர் இருந்தால், கீழ் ஸ்வரம் மட்டும் டி, டி ஃபிளாட், சி என்று அரை ஸ்வரமாக இறங்கும். டேட்டம் இதை ஒரே அடிக்குள்கூடச் செருகிவிடுவார். சோப்பினின் இ மைனர் பிரெலூட் வாசித்தவர்களுக்கு இப்படி இறங்குவது புதிதல்ல. அடுத்த முறை இந்த ஆல்பத்தின் 'சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ' கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டு அதற்குக் கீழே நகரும் ஸ்வரங்களில் காதை வையுங்கள்.

ஆல்பத்தில் நேரடியான செவ்வியல் உருப்படி ஒன்றுதான்: செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக் 1894இல் பியானோவுக்கு எழுதிய ஹ்யூமரெஸ்க். அது ஏன் ஜாஸின் துள்ளல் நடையான ஸ்விங்குக்கு இவ்வளவு இணங்குகிறது என்றால், மூலத்திலேயே தாளம் நொண்டுகிறது. நீளமும் குட்டையுமாக வரும் ஸ்வர ஜோடியின் விகிதம் அங்கே மூன்றுக்கு ஒன்று; நடுத்தர வேக ஸ்விங்கில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று. கொஞ்சம் தளர்த்தினால் போதும். இதை மேடையில் அப்போதைக்கப்போது தோன்றிய கற்பனை என்று கட்டுரை எழுதியிருப்பதையும் ஏற்க முடியவில்லை. 1940இல் டெக்கா நிறுவனத்துக்காக டேட்டம் இதையே பதிந்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், மூலத்தை ஒட்டி மெதுவாகத் தொடங்கிப் பிறகு ஸ்ட்ரைடுக்குத் தாவும் அமைப்பு இரண்டிலும் ஒன்றாக இருப்பது தெரியும். நன்றாகச் செதுக்கி வைத்த உருப்படி அது. அதனால் மதிப்பு ஒன்றும் குறையாது.

ஓட்டங்கள் பற்றி ஒரு வரி. இறங்கி வருபவற்றில் பல ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்குபவை. நம் காதுக்கு மோகனம். மாணவர்கள் ஓட்டத்தைத் தனியாகச் சாதகம் செய்து வேகம் கூட்டுகிறார்கள். பாட்டுக்குள் வைக்கும்போது ஒரு அடி மிஞ்சி, இடது கை காத்திருக்க நேர்கிறது. இறங்கி நிற்க வேண்டிய ஸ்வரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி அடியை எண்ணித்தான் தொடங்கும் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஹ்யூமரெஸ்க்கை வாசித்துப் பார்க்க விரும்புவோர் ஜி மேஜருக்கு மாற்றிய எளிய பதிப்பை வாங்க வேண்டாம். மூலம் ஜி ஃபிளாட் மேஜரில், ஆறு ஃபிளாட்டுடன் இருக்கிறது. தாளில் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் நீண்ட விரல்கள் கறுப்புக்கட்டையில் இயல்பாக உட்காரும், வெள்ளைக்கட்டைக்குக் கட்டைவிரல் தானாக வந்துவிடும்.

பியானோ ஆசிரியர்கள் இருவர்,
சென்னை.