எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிராண்ட்பாஸில் கேற், கிறில் செய்யும் பட்டறையொன்றில் வெல்டிங் வேலை செய்கிறேன். எங்கள் தொழிலில் மூச்சு வாங்கினால் எவரும் அதை நோயாக எடுப்பதில்லை. வயது, சிகரெட், வாகனப் புகை என்று ஏதாவது காரணம் சொல்லிவிடுவோம். மத்திய கிழக்குக்குப் போக மெடிக்கல் எடுத்தவரோ "எக்ஸ்ரே கிளியர்" என்று நெஞ்சை நிமிர்த்துவார். அந்தப் படம் எங்கள் தொழிலின் பாதிப்பைத் தொடக்கத்தில் காட்டாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

வெல்டிங் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரோனைவிடச் சிறியவை. மூக்கில் கட்டும் லேஞ்சி அவற்றை மறிக்காது. வேலை முடிந்து குடிக்கும் பால் வயிற்றுக்குத்தான் போகும், நெஞ்சைக் கழுவாது. துகள்கள் சிறு மூச்சுக்குழாய்கள் வரை இறங்க, குழாய்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஒடுங்குகின்றன. படம் அப்போதும் சுத்தமாகவே இருக்கும். இரும்புத் துகள் படிந்து படத்தில் புள்ளி விழுந்தவருக்கோ சில வேளை மூச்சில் குறையே இராது.

ஒடுக்கத்தைப் பிடிப்பது ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனை. மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முழுக்க இழுத்து, குழாயில் வாயை இறுக்கி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். நெஞ்சு காலியானதுபோல் இருக்கும்போதுதான் "இன்னும், இன்னும்" என்று பக்கத்தில் நிற்பவர் விரட்டுவார். குறைந்தது மூன்று தடவை. முதல் விநாடியில் வெளியேறிய காற்றையும் மொத்தக் காற்றையும் இயந்திரம் கணக்கிட்டுத் தாளில் தரும்.

ஒரு தாள் மட்டும் போதாது. அகன்ற நெஞ்சுள்ள இளைஞன் தன் மூச்சில் கணிசமான பங்கை இழந்த பிறகும் அட்டவணைப்படி 'சாதாரணம்' என்றே வரக்கூடும். வயதோடு எவருக்கும் அந்த முதல் விநாடிக் காற்று ஆண்டுக்கு ஏறக்குறைய 30 மில்லிலீற்றர் குறையும். அதைவிட வேகமாகக் குறைகிறதா என்று அறிய, வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த அளவு கையில் இருக்க வேண்டும். மலையகத்திலிருந்து வந்து கைவேலைக்குச் சேரும் பிள்ளைகளில் யாருக்கு அப்படி ஒரு தாள் இருக்கிறது? துத்தநாகம் பூசிய கல்வனைஸ் குழாய் ஒட்டிய அன்றிரவு அவர்களுக்குக் குளிரும் காய்ச்சலும் வந்து, மறுநாள் விட்டுவிடும். "பழகிவிடும் தம்பி" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அது துத்தநாகப் புகை செய்யும் வேலை. பழகக் கூடாதது.

வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் சேர்த்துவிட்டது. இங்கே 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே தீங்கான புகையை அகற்றச் சொல்கிறது. எங்கள் சந்துப் பட்டறைகளில் இருப்பதோ ஒரு மேசை விசிறி. அது புகையை ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குத் தள்ளுகிறது.

டெங்கு நுளம்பு தேடிப் பட்டறைக்குள் வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், உள்ளே ஒட்டுபவர்களின் பெயரையும் பதிந்து ஊதும் பரிசோதனைக்கு அனுப்பட்டும். சேரும்போது ஒன்று, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. தாளின் பிரதி தொழிலாளியிடமே இருக்க வேண்டும், ஏனெனில் நாங்கள் பட்டறை மாறிக்கொண்டே இருப்பவர்கள். காலைக் கிளினிக்குக்குப் போனால் அன்றைய நாட்கூலி போய்விடும். சுகாதார அமைச்சு இதை மாலையில் அல்லது ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால் எங்கள் பட்டறையிலிருந்து அத்தனை பேரும் வருவோம்.

வெல்டிங் தொழிலாளி,
கிராண்ட்பாஸ், கொழும்பு 14