மேயர் தம்பி, தெக்கோங் போனவனின் மனையைத் திருப்பிக் கொடுங்கள்

மைன்கிராஃப்ட் விளையாட்டில், நம் சர்வரில் நாம் கட்டிவரும் புது நகரத்தின் மேயர் தம்பிக்கும் துணை மேயர்கள் இருவருக்கும் வணக்கம்.

தெற்குத் தெருவில் ஒரு பையனின் கடைவீடு வரி கட்டாததால் பறிபோய் இடிபட்ட விவகாரத்தை உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். உங்கள் பதிலையும் படித்தேன்: "சிஸ்டம் தானாகச் செய்தது, நாங்கள் யாரையும் வெளியேற்றவில்லை." சரி. வரி இவ்வளவு என்று சிஸ்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

ஊர் தொடங்கிய சூட்டோடு கிழக்கே கிடந்த சதுப்பு நிலத்தை வளைத்துப் போட்டீர்கள். ஊர், மனை, வரிக் கணக்கைப் பார்க்கும் டவுனி நிரலில் ஒரு மனை 16க்கு 16 கட்டம். நம் சர்வரில் மனை கூடக்கூட ஊர் கட்டவேண்டிய பராமரிப்புக் கட்டணமும் கூடும். அங்கே இன்றுவரை தவளையைத் தவிர யாரும் குடிவரவில்லை. கஜானா கரைந்தது. கட்டணம் கட்டமுடியாமல் போனால் ஊரே அழிந்துவிடும் என்ற பயத்தில் குடிவரியை இரட்டிப்பாக்கினீர்கள். அறிவிப்பு வந்தது பின்னிரவில்.

அந்த வாரம்தான் அந்தப் பையன் சிங்கப்பூர்த் தேசிய சேவைக்கு, தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமுக்குப் போனான்.

சொல்லாமல் போகவில்லை. "தெக்கோங் போறேன், ரெண்டு வாரம் வெளியே வரமுடியாது, என் கடையைப் பாத்துக்குங்க" என்று எழுதிவிட்டுத்தான் போனான். நீங்களும் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தினீர்கள். பழைய வரிக்குக் கணக்குப் பார்த்துப் போதுமான பணமும் வைத்திருந்தான். வரி இரட்டித்ததும் அது பாதி வழியிலேயே தீர்ந்தது. சர்வரில் புது நாள் பிறக்கும்போது வரி கட்டமுடியாதவரை டவுனி ஊரிலிருந்து நீக்கிவிடும், மனை ஊருக்குப் போய்விடும். அப்படிப் போன மனை விற்பனைக்கு வந்தது, புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாங்கினார், மறுநாளே இடித்தார். வாங்கியவர்மேல் எனக்குக் கோபமில்லை. விலைக்கு வந்தது, வாங்கினார்.

இடிந்தது எது என்று நீங்கள் நின்று பார்த்ததுண்டா? லிட்டில் இந்தியாவில், கெர்பாவ் சாலையில், 1900இல் கட்டிய டான் தெங் நியா வீடு இருக்கிறதே, சுற்றுப்பயணிகள் வரிசையாக நின்று படம் எடுப்பார்களே, அதைப் பார்த்துக் கட்டியது. அத்தனை நிறமும் டெரகோட்டாவில். களிமண்ணைத் தோண்டினால் உருண்டையாக உதிரும். நான்கு உருண்டையை மறுபடி ஒரு கட்டியாக்கி, சூளையில் சுட்டு, எட்டுக் கல்லுக்கு ஒரு சாயம் என்று நிறமேற்ற வேண்டும். பச்சை வேண்டுமென்றால் பாலைவனத்துக்குப் போய்க் கள்ளி வெட்டிவந்து அதையும் சுடவேண்டும். சன்னல் கதவுகளுக்கு டிராப்டோர் வைத்து, சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மூடியும் விட்டிருந்தான், உள்ளே ஆள் இருப்பதுபோல.

கைப்பேசியில் நுழைந்து பணம் போட்டிருக்கலாமே என்று துணை மேயர் ஒருவர் கேட்டார். நம்முடையது ஜாவா பதிப்பு ஐயா, கைப்பேசியில் ஓடாது. ஓடினாலும்தான் என்ன? முகாமில் இரவில் கைப்பேசி கையில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் அம்மாவோடு பேசுவானா, உங்களுக்கு வரி கட்டுவானா? மேயர் தம்பி, நீங்களும் சேவை முடித்தவர்தானே. முதல் இரண்டு வாரம் எப்படிப் போகும் என்று நானா உங்களுக்குச் சொல்வது?

ஆகவே கேட்கிறேன்: அவன் மனையை அவனுக்கே திருப்பிக் கொடுங்கள். சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு வரிவிலக்கு கொடுங்கள். டவுனியில் ஒரு பதவியோடு வரிவிலக்கைச் சேர்த்துக் கொடுக்க வசதி இருக்கிறது. உங்கள் மூவருக்கும் அது ஏற்கெனவே இருக்கிறது என்பதை இங்கே நினைவுபடுத்துவதில் எனக்கு ஒன்றும் சங்கடமில்லை.

இது ஒரு பையனோடு முடிகிற பிரச்சினையும் இல்லை. ஊரில் பாதிப் பேர் மாணவர்கள். ஆண்டுக் கடைசியில் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வு வந்தால் வீட்டில் கணினியைப் பூட்டிவைப்பார்கள். சேவை முடித்தபின்னும் ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு அழைப்பு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் திரும்பி வரும்போது வீடு இருக்குமா என்று எண்ணிக்கொண்டே போகவேண்டுமா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கினால் குறைந்தது 5 ஆண்டு குடியிருந்தால்தான் விற்கவே விடுவார்கள். நம் ஊரில் நாம் கொஞ்சம் கண் அசந்தால் ஊரே விற்றுக்கொடுத்துவிடுகிறது. நல்ல சேவைதான்.

பேச்சு வந்துவிட்டதால் நகர மண்டபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆள் சேரும் முன்பே நான்கு மனையில் மண்டபம். 1.18 பதிப்பிலிருந்து வெளிச்ச அளவு 0 ஆன இடத்தில்தான் பகை மிருகங்கள் பிறக்கும். அதாவது ஆங்காங்கே தீப்பந்தம் வைத்தாலே போதும். அதற்குக்கூட ஆளில்லை. இரவானால் கிரீப்பர்கள் மேடையேறி நிற்கின்றன. உங்கள் உரைக்குத் தவறாமல் வரும் கூட்டம் இப்போதைக்கு அதுதான்.

அப்புறம், நிலம் வளைப்பதை நிறுத்துங்கள். குடிவர ஆள் நிற்கும்போது ஒரு மனை சேர்த்தால் போதும். சில வாரக் கட்டணமாவது கஜானாவில் கையிருப்பாக இருக்கட்டும், அதைத் தொட்டு மண்டபத்துக்குக் கண்ணாடி வாங்காதீர்கள். வரியை ஏற்றத்தான் வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஏற்றுங்கள். சதுப்பில் ஆளில்லாத மனைகளைக் கைவிட்டாலே கட்டணம் இறங்கும், வரியும் பழையபடி ஆகும். யாரையும் துரத்தவேண்டிய தேவையே வராது.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்று தெரிகிறது. ஊரைத் தொடங்க நீங்கள் மூவரும் தூக்கம் கெட்டு உழைத்ததை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் வேறு ஊர் தேடிப் போகாமல் மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன். தயவுசெய்து செய்யவேண்டியது இவ்வளவுதான். இடித்தவருக்கு அவர் கொடுத்த பணத்தையும் வேறொரு நல்ல மனையையும் கொடுங்கள், கிழக்கே உங்களிடம் இடத்துக்கா பஞ்சம்? சர்வர் நிர்வாகிகளிடம் பேசுங்கள். கோர்புரொடெக்ட் என்ற பதிவு நிரலில் எந்தக் கல்லை யார் எடுத்தார் என்ற பதிவு இருக்கும், அவர்கள் மனசு வைத்தால் கடைவீட்டை இடிப்பதற்கு முன்னிருந்த நிலைக்கே கொண்டுவரலாம். பையனை மறுபடி ஊரில் சேர்த்து, மனையை அவன் பெயருக்கு மாற்றி, சேவை முடியும்வரை வரிவிலக்கு கொடுங்கள்.

இந்தச் சனிக்கிழமை அவன் முகாமிலிருந்து வெளியே வருகிறான். அதற்கு முன் உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள், தயவுசெய்து பகல் நேரத்தில்.

இப்படிக்கு,
தெற்குத் தெரு, எதிர்மனைக்காரி