தோற்கும் தொகுதியைப் பெண்ணுக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேட்பாளர் தேர்வுக் குழுக்களில் உட்காரும் தலைவர்களுக்கும் பொதுச் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் எந்த நாட்டில் எந்தக் கொடியின் கீழ் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். இடது, வலது, ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று ஆயிரம் விஷயத்தில் மோதிக்கொள்கிறீர்கள். பெண்களுக்கு எந்த இடத்தைத் தள்ளிவிடுவது என்பதில் மட்டும் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒற்றுமை. (2021 ஆகஸ்டுக்குப் பிந்தைய ஆப்கானிஸ்தான் போலக் கதவையே மூடிவிட்ட இடங்களுக்கு எழுத வேண்டிய மடல் வேறு. இது கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு.)

நியூசிலாந்துப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1893-ல். தேர்தலில் நிற்கலாம் என்ற உரிமை 1919-ல் வந்தது. முதல் பெண் உறுப்பினராக எலிசபெத் மெக்கோம்ப்ஸ் சபைக்குள் போனது 1933-ல். வாக்குச் சீட்டிலிருந்து நாற்காலி வரை நடக்க 40 ஆண்டு. பின்லாந்து 1906-ல் இரண்டு உரிமையையும் ஒன்றாகக் கொடுத்தது. மறு ஆண்டே 200 பேர் சபையில் 19 பெண்கள். உலக நாடாளுமன்றங்களை மொத்தமாகப் பார்த்தால் 1995-ல் பெண்கள் 11 சதவீதத்துக்குச் சற்று மேல், 2025 தொடக்கத்தில் 27 சதவீதம். "ஜனங்கள் பெண்ணுக்கு ஓட்டுப் போட மாட்டார்கள்" என்ற பேச்சு உங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழும். பெயர் வாக்குச் சீட்டுக்கு வந்தால்தானே ஜனங்கள் மறுக்க முடியும்? அந்தப் பெயரை எங்கே எழுதுகிறீர்கள் என்பதுதான் எங்கள் பேச்சு.

பட்டியல் முறையில் தேர்தல் நடக்கும் இடத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே ஜனங்கள் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள்; கட்சி வென்ற இடங்கள் அதன் பட்டியலில் மேலே இருக்கும் பெயர்களுக்கு வரிசையாகப் போகும். ஒரு மாவட்டத்துக்கு ஐந்து இடம். உங்கள் கட்சி அங்கே வழக்கமாக இரண்டு வெல்லும். சட்டம் 40 சதவீதம் பெண்கள் என்கிறது, அதாவது ஐந்தில் இரண்டு. நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் இரண்டு பெண் பெயர்களை எழுதினால் சட்டத்துக்கும் திருப்தி, வேட்புமனுவும் தள்ளுபடியாகாது. முடிவு வரும்போது உங்கள் கட்சியில் வென்ற பெண்கள் யாரும் இருக்க மாட்டார்கள். கோஸ்டாரிகா இதை அனுபவித்தது. 1996-ல் 40 சதவீத ஒதுக்கீடு சட்டமானது. 1998 தேர்தலில் 57 இடத்தில் பெண்கள் 11. 1999-ல் அந்நாட்டின் தேர்தல் தீர்ப்பாயம், 40 சதவீதம் என்பது வெல்லக்கூடிய இடங்களில் 40 சதவீதம் என்று சொல்லிவிட்டது. 2002-ல் 20 பேர் வந்தார்கள். நான்கு ஆண்டில் ஒரு நாட்டு வாக்காளர்களின் மனம் தலைகீழாகிவிடாது. பட்டியலில் வரிசை மாறியது, அவ்வளவுதான்.

ஒன்றுவிட்டு ஒன்று, ஆண், பெண், ஆண், பெண் என்று எழுதினால் போதுமா? முதல் பெயர் யாருடையது என்று கேளுங்கள். துனிசியாவில் 2011-ல் இந்த மாற்றுவரிசை கட்டாயம். ஆனால் மிகப் பெரும்பாலான பட்டியல்களின் தலையில் ஆண் பெயர். பல கட்சிகள் ஒரு மாவட்டத்தில் ஓர் இடம்தான் வென்றன. அந்த இடம் முதல் பெயருக்குப் போனது. இரண்டாவதாக இருந்த பெண் வீட்டுக்குப் போனார். பிறகு உள்ளாட்சித் தேர்தலுக்கான விதியில், ஒரு கட்சி போடும் பட்டியல்களில் பாதிக்குப் பெண்ணே தலைமை என்று சேர்த்தார்கள். 2018-ல் வென்றவர்களில் பெண்கள் 47 சதவீதம். ஆகவே பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தால் மட்டும் போதாது. எல்லாப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதல் வரியை மட்டும் ஒருமுறை படிக்க வேண்டும்.

தொகுதிக்கு ஒருவர் என்ற முறையில் ஏமாற்று இன்னும் எளிது, கண்டுபிடிப்பதும் எளிது. கடந்த தேர்தலில் ஒவ்வொரு தொகுதியிலும் வாங்கிய வாக்கு சதவீதத்தைப் பெரியதிலிருந்து சிறியதாக எழுதுங்கள். மூன்றாக வெட்டுங்கள். 90 தொகுதி என்றால் முப்பது முப்பதாக மூன்று கட்டு. ஒவ்வொரு கட்டிலும் பெண்கள் எத்தனை? மேல்கட்டில் 4, நடுவில் 9, அடியில் 17 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30. "மூன்றில் ஒரு பங்கு கொடுத்துவிட்டோம்" என்று மேடையில் முழங்கலாம். வெல்லப்போவது நாலோ ஐந்தோ. கூட்டணி மாறியிருந்தால் புதிய கூட்டாளியின் பழைய வாக்கையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள், இல்லாவிட்டால் வரிசையே பொய் சொல்லும். தொகுதி எல்லை மாறியிருந்தால் வாக்குச்சாவடி வாரியாகப் பிரித்துச் சேர்க்க வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் ஆண்களுக்குத் தொகுதி தேடும்போது இதை நீங்கள் சலிக்காமல் செய்கிறீர்கள். கடைசியாக மேல்கட்டின் அடியில் இருக்கும் ஐந்து தொகுதியைத் தனியாகப் பாருங்கள். அந்த 4 பெண்களும் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

மெக்சிகோ 2014-ல் இதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது: கடந்த முறை மிகக் குறைந்த வாக்கு வாங்கிய தொகுதிகளை ஒரு பாலினத்துக்கே ஒதுக்கித் தள்ளக் கூடாது. ஆஸ்திரேலியாவின் தொழிற்கட்சி 1994-ல் தனக்குத் தானே வைத்துக்கொண்ட இலக்கும் "வெல்லக்கூடிய தொகுதிகளில் 35 சதவீதம்" என்றுதான் இருந்தது. அந்த "வெல்லக்கூடிய" என்ற ஒரு சொல் இல்லாத தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் மகளிர் அணித் தலைவிகளுக்கும் ஒரு வார்த்தை: தயவுசெய்து போடாதீர்கள்.

இருக்கும் உறுப்பினருக்கே மறுபடி சீட் என்ற வழக்கத்தை உடைப்பது கடினம் என்பது எங்களுக்கும் தெரியும். அதனால்தான் காலியாகும் தொகுதிகள் தங்கம். பிரிட்டன் தொழிற்கட்சி 1993-ல், உறுப்பினர் ஓய்வுபெறும் பாதுகாப்பான தொகுதிகளில் பாதிக்கும், கைப்பற்ற வாய்ப்புள்ள தொகுதிகளில் பாதிக்கும் பெண்கள் மட்டுமே கொண்ட பரிசீலனைப் பட்டியல் என்று முடிவெடுத்தது. 1996-ல் ஒரு தீர்ப்பாயம் அதைச் சட்டவிரோதம் என்று நிறுத்தியது. அதற்குள் தேர்வானவர்கள் தேர்வானவர்களே. 1997-ல் அக்கட்சியில் 101 பெண்கள் வென்றார்கள். அந்த ஏற்பாடு இல்லாத 2001-ல் 95. சட்டம் 2002-ல் திருத்தப்பட்டது.

விதியிலிருந்து கூட்டணி வழியாகத் தப்புவது என்றால் நேபாளம் நினைவுக்கு வருகிறது. 2017 உள்ளாட்சித் தேர்தலில், ஒரு கட்சி தலைவர், துணைத் தலைவர் இரண்டு பதவிக்கும் ஆள் நிறுத்தினால் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்று விதி. கட்சிகள் என்ன செய்தன? துணைப் பதவியைப் பெண்ணுக்குக் கொடுத்தன. துணைத் தலைவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள், தலைவர்களில் விரல்விட்டு எண்ணலாம். 2022-ல் அதற்கும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். கூட்டணி அமைத்து ஒரு கட்சி தலைவர் பதவிக்கும் இன்னொரு கட்சி துணைப் பதவிக்கும் நின்றால் எந்தக் கட்சியும் இரண்டுக்கும் நிற்கவில்லை; விதி யாரையும் கட்டவில்லை. துணைப் பதவியிலும் பெண்கள் குறைந்தார்கள். விதியைக் கட்சிக்கு எழுதினால் கூட்டணி தப்பிக்கும் என்பதைச் சட்டம் எழுதுபவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பொருளாளர்களிடம் தனியாகப் பேச வேண்டும். பிரான்சில் 2000-ஆம் ஆண்டு சமத்துவச் சட்டம், பெண்களைக் குறைவாக நிறுத்தும் கட்சிக்கு அரசு நிதியில் வெட்டு என்றது. பெரிய கட்சிகள் கூட்டிக் கழித்துப் பார்த்து வெட்டையே தேர்ந்தெடுத்தன. 1997-ல் 577-ல் 63 பெண்கள். சட்டம் வந்தபின் 2002-ல் 71. அதே நாட்டில், பட்டியல் முறையில் நடக்கும் தேர்தல்களில் விதியை மீறிய பட்டியல் ஏற்கப்படவே மாட்டாது. அங்கே பெண்கள் வந்துவிட்டார்கள். அயர்லாந்து 2012-ல் 30 சதவீதம் நிறுத்தாத கட்சிக்கு அரசு நிதியில் பாதி போய்விடும் என்றது. அடுத்த தேர்தலில் பெரிய கட்சிகள் எல்லாம் இலக்கைத் தொட்டன. அபராதம் செலவுக் கணக்கில் ஒரு வரியாக அடங்கிவிட்டால் அது அபராதம் இல்லை, கட்டணம்.

பிரேசிலில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். வேட்பாளர்களில் பெண்களுக்கான 30 சதவீதத்தை நிரப்புவதற்காக, போட்டியிடும் எண்ணமே இல்லாத பெண்களின் பெயர்கள் பட்டியலில் ஏறின. தேர்தல் முடிந்ததும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஒரு வாக்குகூட இல்லை. தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போடாத வேட்பாளர்! நீதிமன்றங்கள் மூன்று அடையாளத்தை வைத்துப் பிடிக்கின்றன: வாக்கு பூஜ்யம் அல்லது அதை ஒட்டியது; செலவுக் கணக்கு வெறுமை, அல்லது பலருடைய கணக்கும் அச்சடித்தாற்போல் ஒன்று; பிரசாரம் செய்ததற்கான தடயம் இல்லை. நிரூபணமானால் அந்தப் பட்டியலே செல்லாது. அதில் வென்ற ஆண்களும் பதவி இழப்பார்கள். 2018 முதல் கட்சிக்கு வரும் பொதுநிதியில் குறைந்தது 30 சதவீதம் பெண் வேட்பாளர்களுக்குப் போக வேண்டும்.

அந்த 30 சதவீதம் எப்போது போகிறது என்பதும் கேள்வி. பிரசாரத்தின் கடைசி வாரத்தில் கணக்கில் விழும் பணத்தால் என்ன பயன்? அச்சகத்துக்கு முன்பணம், வண்டி, பூத் ஏஜெண்டுகளுக்கான பயிற்சி எல்லாம் முதல் பத்து நாளில் கேட்கும் செலவு. பெண்ணின் கணக்கில் பணத்தைப் போட்டு, அதிலிருந்து பெரிய தலைவரின் படம் போட்ட விளம்பரத்துக்குப் பில் கட்டவைப்பதும் நடக்கிறது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தொகை, தேதி, யாருக்காகச் செலவு என்று மூன்று பத்தி போட்டு வையுங்கள். குழந்தைப் பராமரிப்பையும் பிரசாரச் செலவாக ஏற்கலாமா என்று தயங்குபவர்களுக்கு: அமெரிக்காவின் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் 2018-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

வென்ற பிறகு என்ன? மெக்சிகோவில் 2009-ல் வென்ற பெண்கள் சிலர் பதவியேற்றதும் விலகினார்கள்; மாற்று உறுப்பினராக, அதாவது வென்றவர் விலகினால் அந்த இடத்துக்கு வருபவராக, பெயர் கொடுக்கப்பட்டிருந்த ஆண்கள் உள்ளே வந்தார்கள். மாற்று வேட்பாளரும் அதே பாலினமாக இருக்க வேண்டும் என்று 2011-ல் தேர்தல் தீர்ப்பாயம் அந்த வழியை அடைத்தது. பொலிவியாவில் பதவிக் காலத்தில் பாதியை ஆணுக்கு விட்டுக்கொடுக்கும்படி பெண் கவுன்சிலர்களை நெருக்கினார்கள். ஹுவானா கிஸ்பே என்ற கவுன்சிலர் 2012 மார்ச்சில் கொல்லப்பட்டார். அதற்குமுன் மாதக்கணக்கில் அவரைச் சபைக்குள் உட்காரவிடவில்லை. அதே ஆண்டு மே மாதம் அரசியலில் பெண்கள் மீதான துன்புறுத்தலுக்கு எதிரான 243-ஆம் எண் சட்டம் வந்தது. பதவி விலகுகிறவர் தேர்தல் அமைப்பின் முன் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்பது அங்கே நடைமுறை. காரணம் எளியது: தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. உங்கள் அலுவலக மேசையில் அப்படி ஏதாவது கடிதம் இருந்தால் இன்றே கிழித்துப் போடுங்கள்.

துன்புறுத்தல் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. நாடாளுமன்றங்களுக்கு இடையிலான ஒன்றியம் 2016-ல் 39 நாடுகளின் 55 பெண் உறுப்பினர்களிடம் பேசியது. உளவியல் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 81.8 சதவீதம், கொலை, பாலியல் வன்முறை, அடி, கடத்தல் என்று மிரட்டல் வந்தவர்கள் 44.4 சதவீதம். இதற்குக் கட்சி செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. வேட்பாளரின் பக்கத்துக்கு வரும் வசவுகளை அவரே உட்கார்ந்து படிக்க விடாதீர்கள். முறைவைத்து இரண்டு பேரை நியமியுங்கள். பதிவை அழிக்குமுன் அதன் இணைப்பு, கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரிய முழுத் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். வெட்டிய படத்தை "இது நான் போட்டதில்லை" என்று ஒரே வரியில் மறுத்துவிடலாம். வாட்ஸ்அப் என்றால் தொலைபேசி எண்ணையும் குழுவின் பெயரையும் சேர்த்து. மூல உரையாடலை நீக்கவே கூடாது. வீட்டு முகவரியோ பிள்ளைகளின் பள்ளியோ வெளியானால் மறுநாள் கூட்டம் வரை காத்திருக்காமல் அந்த மணியே புகார். எழுதியவர் சொந்தக் கட்சிக்காரர் என்று தெரிந்தால்? பெரும்பாலான கட்சிகளின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு இந்த இடத்தில்தான் "உள்வீட்டு விவகாரம்" என்று கோப்பை மூடுகிறது. புகாரை விசாரிப்பவர் அந்த மாவட்டச் செயலாளருக்குக் கீழே இருப்பவராக இருக்கக் கூடாது என்று ஒரு வரியை விதியில் சேர்த்தாலே பாதிக் கோப்பு மூடாமல் இருக்கும்.

ஊடகம் பற்றிச் சுருக்கமாக. 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாடுகளில் ஒரே நாளின் செய்திகளை எண்ணும் உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம், செய்தியில் இடம்பெறும் ஆட்களில் பெண்கள் 1995-ல் 17 சதவீதம், 2020-ல் 25 சதவீதம் என்று கண்டது. ஆசிரியர்களைக் கேட்டால் "கட்சி அனுப்புகிற ஆளைத்தானே உட்காரவைக்கிறோம்" என்பார்கள். பாதி உண்மை. பிபிசியில் 2017-ல் ஒரு நிகழ்ச்சிக் குழு தொடங்கிய எண்ணும் முறை நல்ல மாதிரி: தினமும் நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டு நிமிடம், தாங்களே தேர்ந்தெடுத்து அழைத்தவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று குறிப்பது. தேர்ந்தெடுக்க வழியில்லாத ஆட்களை, உதாரணமாகப் பேசித்தான் ஆக வேண்டிய அதிபரை, கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் செய்தித் தொடர்புப் பிரிவும் நான்கு வாரம் எண்ணிப் பார்க்கட்டும். விவாதத்துக்கு அனுப்பியவர்களில் பெண்கள் எத்தனை என்பதோடு, எந்தத் தலைப்புக்கு என்பதையும் குறிக்கட்டும். பாதுகாப்பு, வரவு செலவு, எரிசக்திக்கு ஆண்கள், குழந்தைகள் நலத்துக்குப் பெண்கள் என்று பிரிந்திருந்தால், அமைச்சரவை அமைக்கும்போதும் அதே பிரிவினைதான் வரும்.

ஒரு காரியம் கேட்கிறோம். வேட்புமனுத் தாக்கல் முடிந்த மூன்றாம் நாள் ஒரு பக்க அட்டவணை வெளியிடுங்கள். தொகுதி அல்லது பட்டியல் இடம், கடந்த முறை கட்சி வாங்கிய வாக்கு சதவீதம், வேட்பாளரின் பாலினம், மாற்று வேட்பாளரின் பாலினம், இதுவரை கொடுத்த தொகை, கொடுத்த தேதி: ஆறே பத்தி. இந்த விவரம் எல்லாம் ஏற்கெனவே உங்கள் கணினியில் இருக்கிறது. கேட்டால் அரை நாளில் எடுத்துத் தரும் ஊழியரும் உங்களிடம் இருக்கிறார். பெரும்பாலும் அவர் ஒரு பெண்.

இப்படிக்கு,
வேட்பாளர் பட்டியல்களையும் தேர்தல் கணக்குகளையும் படிப்பதை வேலையாகக் கொண்டவர்கள்